கல்லுக்குப் பின்னால் இருந்த ஈரம்



அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பல ஆண்டுகள் நாங்கள் வாழ்ந்த வீட்டை 2024ஆம் ஆண்டு வசந்த காலத்தில் விற்றோம். நினைத்த விலை கிடைக்கவில்லை. ஆயினும் அந்த விற்பனையை எண்ணும்போதெல்லாம் எங்கள் நாவில் அல்ஹம்துலில்லாஹ் என்ற சொல்லே வருகிறது. அதன் காரணத்தைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறோம். வீட்டை அழகுபடுத்தும் எண்ணத்தில் இருக்கும் சகோதர சகோதரிகளுக்கு இதில் சில செய்முறைத் தகவல்களும் பயன்படக்கூடும்.

இது 2016இல் தொடங்கியது. எங்கள் வீட்டின் கூடத்தில் ஒரு கணப்படுப்பு இருந்தது. இங்கே ஃபயர்பிளேஸ் என்பார்கள். குளிர்காலத்தில் குடும்பம் கூடி அமரும் இடம் அதுதான். ஆனால் பார்ப்பதற்குச் சாதாரணமாக, வெள்ளைச் சாயம் பூசிய சுவரில் ஒரு கறுப்பு ஓட்டையாக இருந்தது. அதே சுவரின் வெளிப்புறம் கொல்லை. அங்கே ஒரு திறந்தவெளிச் சமையலறை வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. பெருநாளுக்கு முப்பது நாற்பது பேர் வருவார்கள். வீட்டுக்குள் ஆட்டிறைச்சியை வாட்டினால் புகை எச்சரிக்கை மணி அலறும். கோடையில் வரும் நோன்பென்றால் மஃரிபுக்கு முன் அடுப்படியில் நிற்க முடியாது. விருந்தோம்பலுக்காகச் செய்கிறோம் என்ற நிய்யத் எங்களிடம் இருந்தது. அதனுடன் சேர்ந்து, நண்பர் ஒருவர் வீட்டில் பார்த்த கற்சுவர் எங்கள் வீட்டிலும் இருக்க வேண்டும் என்ற ஏக்கமும் இருந்தது. இரண்டையும் சொல்லிவிடுவதே நேர்மை.

இயற்கைக் கல் எங்கள் சக்திக்கு மேற்பட்டது. விலை ஒருபுறமிருக்க, கனமான முழுக்கல் சுவரைத் தாங்க அடியில் தனி அடித்தளம் வேண்டும். இங்குள்ள பெரும்பாலான வீடுகளைப் போல எங்கள் வீட்டின் எலும்புக்கூடும் மரம். மரச் சட்டங்கள்மீது மரச்சீவல்களைப் பசையிட்டு அழுத்திச் செய்த பலகையை அடித்து அதையே சுவர் என்கிறோம். ஆகவே கடைகளில் ‘ஸ்டோன் வெனீர்’ என்ற பெயரில் விற்கப்படும் ஒட்டுக்கல்லைத் தேர்ந்தெடுத்தோம்.

இந்த ஒட்டுக்கல் உண்மையில் சிமெண்டுதான். உண்மையான கற்களின்மீது ரப்பரை ஊற்றி அச்சு எடுக்கிறார்கள். அந்த அச்சில் சிமெண்டையும், நுரைக்கல் போன்ற எடை குறைந்த சரளையையும், இரும்பு ஆக்சைடு நிறமிகளையும் கலந்து வார்க்கிறார்கள். கல்லின் மடிப்பு, வெடிப்பு, பாசி படிந்த நிறம் அனைத்தும் அப்படியே வந்துவிடுகின்றன. தடிமன் ஓரிரண்டு அங்குலம். இப்படி ஒட்டப்படும் கல்லின் எடை சதுர அடிக்கு 15 பவுண்டைத் தாண்டக் கூடாது என்பது இந்நாட்டுக் கட்டட விதி. அவ்வளவு எடையை மரச்சுவரே தாங்கிக்கொள்ளும்.

அந்த ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் ரமளான் பிறக்க இருந்தது. அதற்கு முன் வேலை முடிய வேண்டும் என்று ஒப்பந்தக்காரரை நெருக்கினோம். மூன்று பேரிடம் விலை கேட்டதில் மிகக் குறைவாகச் சொன்னவரையே அமர்த்தியிருந்தோம். கொத்தனார் கெட்டிக்காரர். கல்லை அடுக்கும் கை அவருக்கு வாய்த்திருந்தது. வெளிச்சுவரின் அடிப்பகுதிக்கு வந்தபோது அவர் எங்களை அழைத்து, மண்ணிலிருந்து நான்கு அங்குலம் விட்டுத்தான் கல்லைத் தொடங்க வேண்டும் என்றார். எங்களுக்கு அது பிடிக்கவில்லை. கீழே சிமெண்டுப் பலகை தெரிந்தால் ஒட்டியது என்பது அம்பலமாகிவிடுமே! பாறை மண்ணிலிருந்து எழுந்து நிற்பதுபோல் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். அவர் ஒரு கணம் தயங்கினார். வீடு உங்களுடையது என்று சொல்லிவிட்டு, கல்லை மண்ணுக்குள் இறக்கி ஒட்டினார்.

நோன்புக்கு நான்கு நாள் முன்பு வேலை முடிந்தது. கூடத்தில் தரையிலிருந்து விதானம் வரை சாம்பலும் பழுப்பும் கலந்த கற்சுவர். வெளியே அதே கல்லால் போர்த்திய சமையல் மேடை, ஒரு தொட்டி, மேடையின் மறுமுனையில் எரிவாயு அடுப்பு. பெருநாளன்று வந்தவர்களெல்லாம் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். மாஷா அல்லாஹ் என்றார்கள். எங்கள் மனம் நிறைந்திருந்தது. சற்றுக் கூடுதலாகவே நிறைந்திருந்தது.

அப்போது கீழக்கரையிலிருந்து வாப்பா வந்து எங்களோடு தங்கியிருந்தார்கள். எங்களில் ஒருவருக்கு வாப்பா, மற்றவருக்கு மாமா. இளமையில் கொழும்பில் ஓர் அரிசிக்கடையில் வேலை பார்த்து, பின்னர் ஊரில் சொந்தமாகக் கடை வைத்து வாழ்ந்தவர்கள். கீழக்கரை ஜும்ஆப் பள்ளியின் கற்றூண்களுக்கிடையில் ஓடி விளையாடிய கண்ணுக்கு எங்கள் சுவர் எப்படித் தெரிந்ததோ, விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார்கள்.

“என்னம்மா, இது கல்லா, கல்லு மாதிரியா?”

“கல்லு மாதிரிதான் மாமா. சிமெண்டுல வார்த்தது.”

“அதைச் சொல்லிட்டா சரி. கேக்குறவங்களுக்குச் சொல்லிடுங்க” என்று சிரித்துவிட்டு அஸருக்கு ஒளூ செய்யப் போய்விட்டார்கள்.

அப்போது பத்து வயதாயிருந்த எங்கள் மகள் அந்தச் சுவரில் வேறொன்றைக் கண்டுபிடித்தாள். ஒட்டகத்தின் முதுகு போன்ற வளைவுடைய ஒரு கல் ஏழு இடங்களில் இருந்தது. அச்சு ஒன்றென்றால் வார்ப்பும் ஒன்றாகத்தானே இருக்கும்? “வாப்பா, அப்ப இந்தச் சுவரு பொய் சொல்லுதா?” என்று கேட்டாள். சிமெண்டுக்குக் கல்லின் உருவம் கொடுப்பது பொய்யாகாது, கல்லென்று சொல்லி விற்றால்தான் பொய் என்று அவளுக்கு விளக்கினோம். அந்த விளக்கம் சரியானதுதான். ஆனால் அதன் முழுப் பொருளும் எங்களுக்கு விளங்க ஏழு ஆண்டுகள் பிடித்தன.

2023இல் மகளின் கல்லூரி, பள்ளிவாசலுக்கு அருகில் குடியேற வேண்டும் என்ற ஆசை, எங்கள் வேலையிட மாற்றம் ஆகியன சேர்ந்து வீட்டை விற்க முடிவெடுத்தோம். தரகர் வந்து பார்த்தார். கணப்படுப்பையும் கொல்லைச் சமையலறையையும் கண்டவுடன் அவர் முகம் மலர்ந்தது. விளம்பரத்தில் இவ்விரண்டு படங்களையும்தான் முதலில் போடுவேன், வருகிறவர்கள் இதைப் பார்த்தே விலை பேசுவார்கள் என்றார்.

படம் எடுப்பதற்காகக் கூடத்தை ஒழுங்குபடுத்தியபோது கணப்படுப்பின் பக்கத்தில் இருந்த புத்தக அலமாரியை நகர்த்தினோம். மழையில் நனைந்து மூலையில் கிடந்த சாக்கின் வாசம் வந்தது. சுவரடிப் பலகையை விரலால் அழுத்தினோம். விரல் உள்ளே போயிற்று.

தெரிந்த தச்சர் ஒருவரை அழைத்தோம். அவர் இரண்டு ஊசிகள் பொருத்திய ஈரமானியைக் கொண்டுவந்து அங்கங்கே குத்திப் பார்த்தார். மரத்தில் ஈரம் 20 விழுக்காட்டுக்குள் இருந்தால் அச்சமில்லை, அதற்குமேல் நீடித்தால் பூஞ்சை பிடித்து உளுக்கத் தொடங்கும் என்றார். எங்கள் சுவரின் அடிப்பகுதியில் அந்தக் கருவி 30ஐத் தாண்டிக் காட்டியது. வெளியே போய் மேடைக்கு அருகில் மூன்று கற்களைப் பெயர்த்தார். ஒட்டகக் கல்லும் அவற்றில் ஒன்று. பின்னால் இருந்த பலகை கறுத்து, கையால் அள்ளினால் ஊறிய தவிடுபோல் வந்தது. வெளியில் ஒரு விரிசலும் இல்லை, ஒரு கறையும் இல்லை. அந்த வாரம்கூட ஒருவர் அச்சுவரைப் புகழ்ந்திருந்தார்.

காரணங்களை அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். வார்ப்புக்கல்லும் சாந்தும் தண்ணீரை உறிஞ்சும் தன்மையுடையவை. மழைநீர் கொஞ்சமாவது உள்ளே போகும் என்று எடுத்துக்கொண்டே இந்தச் சுவரைக் கட்ட வேண்டும். போன நீர் வெளியே வர வழி வேண்டும். அதற்காகத்தான் மரப்பலகையின்மீது இரண்டு அடுக்கு நீர்த்தடுப்புத் தாள், அதன்மேல் துருப்பிடிக்காத கம்பி வலை, அதன்மேல் ஒரு பூச்சு, அது இறுகிய பிறகு சாந்து வைத்துக் கல் என்று ஒரு வரிசை இருக்கிறது. சுவரின் அடியில் துளையிட்ட பட்டை ஒன்றை வைப்பார்கள். தாளின் வழியே இறங்கும் நீர் அதன் வழியாக வெளியேறும். மண்ணிலிருந்து நான்கு அங்குலமும், தளம் போட்ட தரையிலிருந்து இரண்டு அங்குலமும் விடுவது அந்த வாயைத் திறந்து வைப்பதற்காகத்தான். எங்கள் சுவரில் ஒரே ஓர் அடுக்குத் தாள் இருந்தது. சமையல் மேடை சுவரோடு சேரும் இடத்தில் நீரைத் திருப்பிவிடும் தகரத் தடுப்பு இல்லை. அடி வாயோ மண்ணுக்குள் புதைந்திருந்தது. புதைக்கச் சொன்னவர்கள் நாங்கள்.

தாள் குறைந்ததும் தகரம் விடுபட்டதும் வேலை செய்தவர்களின் குறை. அதற்காக அவர்களை நொந்துகொள்ள எங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அவசரப்படுத்தியது யார்? மிகக் குறைந்த விலையைத் தேடியது யார்? தெரிந்தவர் சொன்னதைக் கேளாமல், ஒட்டியது தெரியக் கூடாது என்று அடம்பிடித்தது யார்? அந்த இரவு எங்களுக்குள் நடந்த பேச்சில் இந்தக் கேள்விகளைத் தவிர்க்க முடியவில்லை.

அடுத்து வந்தது அதைவிடக் கடினமான கேள்வி. உறவினர் ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். “சுவரடிப் பலகையை மட்டும் மாத்திச் சாயம் அடிச்சிடுங்க. மூணு கல்லையும் திரும்ப ஒட்டிடுங்க. வாங்குறவங்க கொண்டுவர்ற சோதனையாளர் கண்ணால பாக்குறதோட சரி, கல்லைப் பேத்துப் பாக்க மாட்டார்.” அவர் சொன்னது உண்மை. வீடு வாங்குமுன் வரும் சோதனையாளர்கள் வெளியே தெரிவதைத்தான் பார்ப்பார்கள். சுவரை உடைத்துப் பார்க்க அவர்களுக்கு அனுமதி இல்லை. ஏழு ஆண்டுகள் எங்களிடமிருந்தே ஒளிந்திருந்த ஈரம் இன்னும் இரண்டு மாதம் பிறரிடமிருந்து ஒளிந்திருக்காதா?

சட்டம் இதை அறியாமல் இல்லை. 1974இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. வீட்டில் கரப்பான்பூச்சிகள் மொய்த்திருந்ததை விற்றவர் சொல்லவில்லை. விளக்கைப் போட்டபோதுதான் வாங்க வந்தவர்களுக்கு அது தெரிந்தது. விற்பவர் பொய் எதுவும் சொல்லாவிட்டாலும், தாம் அறிந்த மறைவான பெருங்குறையைப் பற்றி வாய்மூடி இருப்பதும் வஞ்சனையாகக் கூடும் என்று அந்த நீதிமன்றம் கருத்துரைத்தது. ஆயினும் உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: அந்த இரவில் எங்களைத் தடுத்தது சட்டம் அன்று. யாருக்குத் தெரியப்போகிறது என்ற எண்ணம் எங்கள் இருவருக்குமே வந்தது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குச் சேர்த்ததில் பெரும்பகுதி பழுதுபார்க்கவே போய்விடும் என்று கணக்குப் பார்த்தோம். இஷாத் தொழுகைக்குப் பிறகும் அந்தக் கணக்கை விடவில்லை.

மறுநாள் வாப்பாவுக்குத் தொலைபேசியில் பேசினோம். முழுவதையும் கேட்டுவிட்டுச் சற்று நேரம் மௌனமாக இருந்தார்கள். பிறகு கொழும்புக் கடையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். துறைமுகத்திலிருந்து வரும் மூட்டைகளில் சில நனைந்திருக்குமாம். அவற்றை உலர்ந்த மூட்டைகளுக்கு அடியில் வைத்தால் யாருக்கும் தெரியாது. கடை முதலாளி அதை அனுமதிப்பதில்லை. நனைந்ததைக் கடை வாசலில் பிரித்து வைத்து, இன்ன குறை என்று சொல்லி, விலையைக் குறைத்து விற்கச் சொல்வாராம்.

“நனைஞ்ச மூட்டையை முன்னாடி வைங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்” என்று சொல்லிப் பேச்சை முடித்தார்கள்.

அந்த முதலாளிக்கு இந்தப் பாடம் எங்கிருந்து கிடைத்தது என்பது நம் அனைவருக்கும் தெரிந்ததே. நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கண்டு அதனுள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. காரணம் கேட்டபோது மழையில் நனைந்துவிட்டதாக வணிகர் சொன்னார். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக இச்செய்தி முஸ்லிம் நூலில் பதிவாகியிருக்கிறது. எத்தனையோ ஜும்ஆ உரைகளில் இதைக் கேட்டிருக்கிறோம். அப்போதெல்லாம் எங்கள் மனத்தில் வந்து நின்றவர் யாரோ ஒரு மதீனத்து வணிகர். இம்முறை அந்தக் குவியல் எங்கள் கூடத்தில் விதானம் வரை உயர்ந்து நின்றது. வெளியே உலர்வு, உள்ளே ஈரம். அந்த வணிகராவது மழையைக் காரணம் காட்டினார். எங்களுக்கு அதுவும் இல்லை.

சுவரைத் திறப்பது என்று முடிவு செய்தோம்.

வெளிச்சுவரின் கல் முழுவதையும் பெயர்த்தெடுத்தோம். உளுத்த பலகையையும் மூன்று மரச் சட்டங்களின் அடிப்பகுதிகளையும் மாற்றினோம். இம்முறை அமர்த்திய கொத்தனார் முதியவர், நிதானமானவர். எந்த வேலை எத்தனை நாளாகும் என்று அவர் சொன்னாரோ அத்தனை நாளும் காத்திருந்தோம். அக்டோபர் முடிந்து குளிர் இறங்கியபோது வேலையை நிறுத்த வேண்டும் என்றார். வெப்பம் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் சாந்து சரியாக இறுகாது, ஈரச் சாந்து உறைந்தால் கல் ஒட்டாமல் உதிரும் என்றார். சரி என்றோம். விற்பனை வசந்தத்துக்குத் தள்ளிப்போனது. சுவரின்மீது நீர்த்தடுப்புத் தாள் மட்டும் போர்த்தி ஒரு பனிக்காலம் முழுவதும் நின்றது எங்கள் வீடு. பார்க்க அழகாயில்லை. உள்ளே உலர்ந்திருந்தது.

மேடையைப் பிரித்தபோது வேறொரு செய்தியும் வெளிப்பட்டது. எரிவாயு உருளை வைத்திருந்த அறை நான்கு புறமும் கல்லால் அடைபட்டிருந்தது. புரோப்பேன் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழே தேங்கி நிற்கும். ஒரு தீப்பொறி போதும். அதனால் அப்படிப்பட்ட அறையின் அடிப்பகுதியில், எதிரெதிர்ப் பக்கங்களில் காற்றுத் துளைகள் விட வேண்டும். குழாய் வழியாக வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட இலேசானது என்பதால் அதற்குத் துளை மேற்பகுதியிலும் வேண்டும். எங்கள் மேடையில் ஒரு துளையும் இல்லை. கல்லின் அழகைக் கெடுக்கும் என்று அதையும் யாரும் வைக்கவில்லை போலும். ஏழு ஆண்டுகள் பெருநாள்தோறும் அந்த மேடையைச் சுற்றிக் குழந்தைகள் ஓடி விளையாடியிருக்கிறார்கள். இறைவன் காத்தான் என்பதைத் தவிர வேறென்ன சொல்ல முடியும்?

கல் வெட்டும் வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வார்ப்புக்கல்லைச் சுழலும் வாளால் வெட்டும்போது எழும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள் நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் என்ற நோயை உண்டாக்கும். உண்டான சேதம் மீளாது. 2016இல் அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை இதற்கு வகுத்த விதிப்படி, எட்டு மணிநேர வேலையில் ஒருவர் சுவாசிக்கும் காற்றில் சராசரியாகக் கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்குமேல் அது இருக்கக் கூடாது. தண்ணீர் விட்டு வெட்டினால் தூசி அடங்கும். முதல்முறை வேலை நடந்தபோது உதவியாளர் இளைஞர் ஒருவர் முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வெண்புகைக்கு நடுவே வெட்டிக்கொண்டிருந்தார். அவருக்குத் தேநீர் கொடுத்தோம். கூலியை அன்றன்றே கொடுத்துவிட்டோம் என்றும் மகிழ்ந்தோம். வியர்வை உலருமுன் கூலி கொடுப்பதைப் பேணுகிற நாம், அந்த வியர்வையோடு உள்ளே போகும் தூசியையும் கவனிக்க வேண்டாமா? இரண்டாம் முறை, தண்ணீர் விட்டு வெட்டுவதையும் தக்க முகக்கவசத்தையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டோம். அதற்கான கூடுதல் செலவு சிறிதுதான்.

வசந்தத்தில் சுவர் எழுந்தது. கல்லுக்கு அடியில் நான்கு அங்குலம் வெறுமையாய்த் தெரிகிறது. பாறை மண்ணிலிருந்து முளைத்தது போல் இல்லை. ஒட்டிய கல் ஒட்டிய கல்லாகவே தெரிகிறது. முதல் மழையன்று குடையைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தோம். அடியிலிருந்த பட்டையின் துளைகளிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக வெளியே வந்துகொண்டிருந்தது. இத்தனை நாள் அந்த நீர்தான் போக வழியின்றி உள்ளே நின்றது.

விளம்பரத்தில் அழகிய படங்களோடு, கறுத்த பலகையின் படங்களையும், செய்த வேலையின் விவரத்தையும், ரசீதுகளையும் சேர்த்து வைத்தோம். தரகர் தலையில் கைவைத்துக்கொண்டார். முதலில் வந்த குடும்பம் அந்தப் படங்களைப் பார்த்ததும் நன்றி சொல்லிப் போய்விட்டது. ஒரு மாதம் கழித்து ஓர் இளம் தம்பதியர் வந்தார்கள். நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். படங்களை நெடுநேரம் பார்த்துவிட்டு, வேறு எந்த வீட்டிலும் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் காட்டவில்லை என்றார் அந்தப் பெண். விலையைக் குறைத்துத்தான் கேட்டார்கள். பேசி ஒத்துக்கொண்டோம். பழுதுபார்த்த செலவையும் குறைந்த விலையையும் கூட்டினால் எங்களுக்கு நட்டமே. மகள் முதல் ஆண்டில் வாரத்துக்குச் சில மணிநேரம் நூலகத்தில் வேலை பார்க்கிறாள். அதைச் சொல்லி ஒருநாளும் அவள் குறைப்பட்டதில்லை.

வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறைகளைத் தெளிவுபடுத்தினால் அந்த வணிகத்தில் பரக்கத் உண்டாகும், மறைத்தால் பரக்கத் அழிந்துவிடும் என்ற கருத்தில் ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அறிவிக்கும் நபிமொழி உண்டு. பரக்கத் என்பது வங்கிக் கணக்கில் தெரிய வேண்டியதில்லை. நாங்கள் கண்ட பரக்கத் இதுதான்: அந்த வீட்டில் இனி மழை பெய்யும் இரவுகளில் எங்கள் உறக்கம் கலைவதில்லை.

இவ்வளவும் படித்துவிட்டு, ஒட்டுக்கல்லே வேண்டாம் என்று சொல்கிறோமோ என நினைக்க வேண்டாம். அது நல்ல பொருள். விலை குறைவு, தீப்பற்றாது, முறையாகச் செய்தால் நெடுங்காலம் நிற்கும். ஊரில் செங்கற்சுவரில் ஒட்டும் எலிவேஷன் கல்லுக்கு இத்தனை அச்சமில்லை, செங்கல் உளுத்துப்போகாது. மரவீட்டில் வாழ்வோர்தாம் விழிப்பாக இருக்க வேண்டும். வேலை தொடங்குமுன் தாள் எத்தனை அடுக்கு, நீர் எங்கே வெளியேறும், சன்னலோரத்திலும் கூரை சேருமிடத்திலும் மேடை சேருமிடத்திலும் தகரத் தடுப்பு உண்டா என்று கேளுங்கள். கல் ஏறுமுன் ஒவ்வோர் அடுக்கையும் படம் எடுத்து வையுங்கள். கணப்படுப்பைப் பொறுத்தவரை, கல் தீப்பற்றாது என்றாலும் அதன் பின்னுள்ள மரம் பற்றும். அடுப்பு செய்தவர் கொடுத்த கையேட்டில் உள்ள இடைவெளிகளைக் குறைக்காதீர்கள். நெருப்பு எரியும் பெட்டிக்குள் இந்தக் கல்லை ஒட்டாதீர்கள். கல்லுக்கு மேல் அலங்கார மரப்பலகை வைக்க விரும்பினால், அடுப்பு வாயிலிருந்து ஆறு அங்குலத்துக்குள் மரம் எதுவும் வரக் கூடாது. அதற்கு மேலும் எவ்வளவு நீட்டலாம் என்பதற்கு அளவு உண்டு. வெளியே கொல்லையில் கட்டுவோர் மேடையின் சட்டத்தை மரத்தில் செய்யாமல் துத்தநாகம் பூசிய இரும்பிலோ கான்கிரீட் கட்டையிலோ செய்வது நல்லது. கல் அழுக்கானால் அமிலம் ஊற்றிக் கழுவாதீர்கள். நிறமும் மேற்பரப்பும் போய்விடும். புகை அண்டை வீட்டார் சன்னலுக்குப் போகாத இடமாகப் பார்த்து அடுப்பை வையுங்கள். நம் விருந்தின் மணம் அவர்களுக்குத் தொல்லையாகலாகாது.

இவற்றோடு எங்களை நாங்களே கேட்டுக்கொள்ளும் ஒரு கேள்வியையும் சேர்த்துவிடுகிறோம். விருந்தாளிக்குச் சோறு போட மேடை தேவைப்பட்டது, அது நியாயம். அந்த மேடை பாறையில் குடைந்தது போல் தோன்ற வேண்டும் என்பது யாருக்காக? வீண்விரயம் எங்கே தொடங்குகிறது என்பதை அடுத்தவர் நமக்குச் சொல்ல முடியாது. எங்கள் விஷயத்தில் அது அந்த நான்கு அங்குலத்தில் தொடங்கியது.

இப்போது வாழும் சிறிய வீட்டில் கணப்படுப்பு இல்லை. புத்தக அலமாரியின்மீது ஒரு கல் இருக்கிறது. ஒட்டக முதுகு போன்ற வளைவுடையது. பின்புறம் சாந்தின் கறை. வீட்டைக் காலி செய்த அன்று குப்பையிலிருந்து மகள் எடுத்து வைத்தது. வருகிறவர்கள் கையில் எடுத்துப் பார்த்து, கல்லா என்று கேட்கிறார்கள்.

“இல்லை, கல்லு மாதிரி” என்கிறாள் மகள்.

யா அல்லாஹ், எங்கள் வீடுகளின் சுவர்களையும் எங்கள் உள்ளங்களையும் நாங்கள் காணாத பக்கத்திலும் சீராக்கி வைப்பாயாக. மறைத்துப் பெறும் இலாபத்திலிருந்து எங்களையும் எங்கள் பிள்ளைகளையும் காப்பாயாக. எங்கள் கைகளுக்காக உழைப்போரின் மூச்சைப் பேணும் கவனத்தை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.